ஒரே வீட்டில் மூன்று நோய்: பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள்



இந்தப் பகுதியில் நோயாளிக்குச் சொல்ல வேண்டியதைத்தான் வழக்கமாக எழுதுவோம். இந்த முறை நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அது மனைவியாக இருக்கலாம், தாயாக இருக்கலாம், கூடப் பிறந்த தம்பியாக இருக்கலாம், பள்ளிக்கூடம் போகிற மகளாகக்கூட இருக்கலாம். தோட்டக் கிளினிக்கில் வேலை செய்கிற எங்களுக்கு இவர்களை நன்றாகத் தெரியும். நோயாளி வீட்டில் படுத்திருப்பார். மருந்து அட்டையைத் தூக்கிக்கொண்டு இவர்கள்தான் வருவார்கள். "டிரெசர், எதையாவது கொடுத்து இந்தக் குடிய மட்டும் நிறுத்திடுங்க, மத்தத நான் பாத்துக்குறேன்" என்பார்கள்.

குடியை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்த முடிந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். ஆனால் பல வீடுகளில் குடி தனியாக வருவதில்லை. கூடவே ஒரு பெரிய வியாதி இருக்கிறது. அந்த வியாதிக்குப் பின்னால் வாய்விட்டுச் சொல்லாத மனச்சோர்வு இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றாவது குணமாகும். இதை நம் தோட்டங்களில் இன்னும் காண்கிற காசநோயை வைத்தே சொல்கிறேன். காசநோய்க்குப் பதிலாகச் சர்க்கரை வியாதியோ கல்லீரல் வியாதியோ இருந்தாலும், வீட்டிலுள்ளவர் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி இதேதான்.

மூன்று முடிச்சு

காசநோய் காற்றில் பரவும் கிருமியால் வருவது. ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1882 மார்ச் 24-ஆம் தேதி அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததை உலகுக்கு அறிவித்தார். நம் நாட்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-இல் தொடங்கியது. மருந்து இருக்கிறது, குணமும் ஆகிறது. ஆகவே இது சாபமும் அல்ல, பரம்பரைப் பாவமும் அல்ல.

குடி இந்த நோய்க்கு இரண்டு வகையில் துணை போகிறது. நாள்தோறும் குடிக்கிறவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, கிருமிக்குக் கதவு திறந்துவிடுகிறது. நோய் வந்த பிறகோ, காசநோய் மாத்திரைகளும் சம்சுவும் ஒரே கல்லீரலைத்தான் தாக்குகின்றன. மாத்திரையால் மஞ்சள் காமாலை வரும் ஆபத்து, குடிக்கிறவருக்கு அதிகம்.

மனச்சோர்வு எங்கிருந்து வருகிறது? குலை வெட்டிக்கொண்டிருந்த மனிதன் மூச்சு வாங்கிப் படுத்துவிடுகிறான். சம்பளம் குறைகிறது. கூட்டாளிகள் எட்டி நிற்கிறார்கள். பெண்டாட்டி சம்பாதித்துத் தான் சாப்பிடுகிறோமே என்ற எண்ணம் உள்ளே அரிக்கிறது. அதை மறக்க ஒரு போத்தல். குடி அப்போதைக்கு மனத்தை மரத்துப்போகச் செய்யும். மறுநாள் சோர்வை இரட்டிப்பாக்கும். சோர்ந்த மனிதன் மருந்தை மறக்கிறான், நோய் ஏறுகிறது. ஏறிய நோய் மறுபடியும் போத்தலிடம் துரத்துகிறது.

வீட்டிலுள்ளவர்கள் இதில் ஒரு முடிச்சை மட்டும் பிடித்து இழுத்தால் மற்ற இரண்டும் இறுகிவிடும்.

ஒரு வீட்டில் நடந்தது

பெயரும் தோட்டமும் வேண்டாம். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். மனைவி உதிரிப் பழம் பொறுக்குகிறவர். இரண்டு பிள்ளைகள். இரண்டு மாதமாக இருமல், இரவில் வியர்வை, உடம்பு இளைப்பு. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. மருந்து தொடங்கினோம். பதினெட்டு நாள் ஒழுங்காக வந்தார். பிறகு வரவில்லை.

மனைவிதான் வந்தார். "டிரெசர், அவரு மருந்தும் சாப்புடுறதில்ல, சோறும் சாப்புடுறதில்ல. குடிக்கிறதுக்கு மட்டுந்தான் எந்திரிக்கிறாரு. பிள்ளைங்ககூட பேச்சே கெடையாது. செவத்தப் பாத்து படுத்துக்குறாரு" என்றார்.

இதற்குள் உறவுக்காரர்கள் கூடி ஒரு வழி சொன்னார்கள்: ஆளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டு, சொட்டுக்கூடக் கொடுக்காதே, மூன்று நாளில் சரியாகிவிடும். பூட்டினார்கள். அடுத்த நாளே கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். இறந்துபோன தகப்பனார் வந்து நிற்கிறார் என்றார். பக்கத்து வீட்டார் பேய் பிடித்திருக்கிறது, பூசாரியைக் கூப்பிடு என்றார்கள். அந்த அம்மாள் பூசாரியிடம் ஆள் அனுப்பாமல் நேரே என் வீட்டுக் கதவைத் தட்டினார். தோட்ட வண்டியில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்றைக்கு அவர் அப்படிச் செய்யாதிருந்தால் புருஷன் உயிரோடு இருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்

நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கொந்தளிக்கும். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே கைநடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையிலே இல்லாததைப் பார்ப்பதும், பிதற்றுவதும், கடும் காய்ச்சலும் வரலாம். அந்த நிலை உயிருக்கே ஆபத்தானது. அது பேயும் அல்ல, நடிப்பும் அல்ல.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? காலையில் எழுந்ததும் ஒரு வாய் ஊற்றாமல் கை நிற்காதவருக்கு. முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்தவருக்கு. வேறு பெரிய நோய் உள்ளவருக்கு. இப்படிப்பட்டவர் குடியை விட வேண்டுமென்றால் டாக்டர் பார்வையில்தான் விட வேண்டும். ஆஸ்பத்திரியில் நடுக்கத்தை அடக்கும் மருந்தையும் பி1 வைட்டமின் ஊசியையும் கொடுத்துச் சில நாட்களில் பத்திரமாகக் கரை சேர்ப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடி மறக்க மருந்து என்று யாரோ விற்பதை வாங்கிக் கறியிலே கலந்து கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வேண்டாம். அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டாக்டர்கள் கொடுக்கிற குடி நிறுத்தும் மாத்திரையில்கூட ஒரு வகை, சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் கொடுத்து அவர் குடித்துவிட்டால், நெஞ்சு அடைத்து இரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகிவிடும். அவரது சம்மதம் இல்லாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது.

கள்ளச் சாராயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தது நினைவிருக்கும். குடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூடக் கண் மங்கல், வாந்தி, மூச்சு வாங்குதல் தொடங்கலாம். "போதை தெளியட்டும்" என்று படுக்கவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆஸ்பத்திரியில் மறைக்காதீர்கள்

வார்டிலே டாக்டர் கேட்பார், "குடிப்பாரா?" என்று. வெட்கப்பட்டு, "எப்பவாவது, தீபாவளிக்கு" என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு நாள் கழித்து நோயாளிக்கு வலிப்பு வரும்போது, காரணம் தெரியாமல் டாக்டர் தடுமாற வேண்டியிருக்கிறது. என்ன குடிக்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை போத்தல், கடைசியாகக் குடித்தது எப்போது என்ற மூன்றையும் சேர்க்கும்போதே சொல்லுங்கள். உங்களை யாரும் திட்டப்போவதில்லை.

நம்மவர்களுக்கு இந்த வெட்கம் ஏன் வருகிறது? தோட்டத் தமிழனுக்குக் குடி பிறவிக் குணம் என்று பலர் சொல்லி நாமும் நம்பிவிட்டோம். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அதை எதிர்த்து நின்றவர்களும் நம் ஆட்களே. 1947-இல் கெடா, பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். பிறவிக் குணமாயிருந்தால் எதிர்த்துக் கிளம்பியிருப்பார்களா? குடி ஒரு பழக்கமாகத் தொடங்கி நோயாக முற்றுவது. நோய் என்றால் டாக்டரிடம் சொல்வதில் வெட்கம் எதற்கு?

ஆறு மாத மருந்து

சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு வகை. நாள்தோறும் ஒருவர் கண்முன்னே விழுங்க வேண்டும். இது நோயாளியின் மேல் உள்ள சந்தேகத்தால் அல்ல. நடுவில் விட்டுவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பிறகு வேறு மருந்து, கடுமையான சிகிச்சை என்று போகும்.

குடிக்கிற வீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. "நேத்து குடிச்சிட்டேன், இன்னிக்கு மருந்து ஒத்துக்காது" என்று அவரே நாளைத் தள்ளிவிடுவார். வீட்டாரும் சரி என்பார்கள். ஒரு நாள் மூன்று நாளாகும், மூன்று நாள் மூன்று வாரமாகும். குடிக்கக் கூடாதுதான். ஆனால் குடித்துவிட்டார் என்பதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாடை அடித்தாலும் பரவாயில்லை, கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள். கொடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

மேலே சொன்ன வீட்டிலும் அப்படித்தான் ஏற்பாடு செய்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், விடியற்காலை பெரட்டுக்கு முன்னால் மனைவி அவரைக் கிளினிக்குக்கு அழைத்து வருவார். மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுப் போவார். நான் குடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. "இன்னிக்கு எப்படி இருக்கு அண்ணே?" என்பேன், அவ்வளவுதான்.

வீட்டிலுள்ளவர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது ஒரு மாத்திரையின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலும், ஓயாமல் வாந்தி வந்தாலும், வலது விலாவுக்குக் கீழே வலித்தாலும், பார்வை மங்கினாலும் அன்றைய மருந்தைக் கொடுக்காமல் உடனே வாருங்கள். கால் எரிச்சல் என்றாலும் சொல்லுங்கள், அதற்கு பி6 வைட்டமின் இருக்கிறது.

தட்டு, டம்ளர், துணி வழியாகக் காசநோய் பரவாது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்திற்குப் பிறகு மற்றவர்களுக்குப் பரவும் பயம் வெகுவாகக் குறைந்துவிடும். எப்போது பயமில்லை என்று டாக்டர் சொல்வார். அதுவரை வாயை மூடி இருமட்டும், சன்னல் திறந்திருக்கட்டும். அதற்காக அவரைப் பின்கட்டில் தனித்தட்டோடு ஒதுக்கிவைத்தால், கிருமி சாகிறதோ இல்லையோ, மனிதனின் மனம் செத்துவிடும். ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும், முக்கியமாகச் சிறு பிள்ளைகள், பரிசோதனைக்குக் கட்டாயம் வர வேண்டும்.

சோகமும் ஒரு நோய்

கவலை எல்லாருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், நாள் முழுவதும் மனம் கனத்துப்போய், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல், தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற பேச்சு வந்தால் அது மனச்சோர்வு நோய். ஆண்களிடம் சில வேளை அழுகைக்குப் பதில் கோபம்தான் வெளியே வரும். உடம்பு வலி, நெஞ்சு வலி என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் உண்டு.

இதற்கு வைத்தியம் பார்க்கலாம் என்றால் உடனே, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவீங்களா?" என்று பயப்படுகிறார்கள். பேராக்கில் அந்தப் பெரிய மனநல ஆஸ்பத்திரி 1911-இல் திறந்தது. அன்றிலிருந்து அந்த ஊர்ப் பெயரே நம்மிடையே வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிப் பதிவுக் கட்டணத்தில் டாக்டரைப் பார்க்கலாம். மென்தாரி என்ற சமூக மனநல மையங்களும் பல இடங்களில் இருக்கின்றன.

டாக்டர் மாத்திரை கொடுத்தால் இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். ஒன்று, அது தலைவலி மாத்திரை போல ஒரு மணி நேரத்தில் வேலை செய்யாது; பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணுமில்ல" என்று விடக்கூடாது. இரண்டு, காசநோய் மருந்து சாப்பிடுகிறார் என்பதை அந்த டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஒரு மருந்து இன்னொரு மருந்தின் வேகத்தைக் குறைக்கக்கூடும். குடியை நிறுத்திச் சில வாரங்களில் சிலருக்கு மனச்சோர்வு பாதி தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. அதனால்தான் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"செத்துப்போறேன்" என்றால்

இந்தப் பேச்சைக் குடிவெறியில் சொன்னது என்று தள்ளிவிடாதீர்கள். போதை தெளிந்ததும் அமைதியாக நேரே கேளுங்கள்: "உயிர விட்டுடணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிட்டது போலாகும் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் எண்ணம் வளராது. பல பேருக்கு, கேட்க ஒருவர் இருக்கிறாரே என்று சுமை இறங்கும்.

"ஆமா" என்றால் தனியே விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். களைக்கொல்லி, பூச்சிமருந்து எதுவும் வீட்டிலோ கொல்லையிலோ இருக்கக்கூடாது. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது; ஆனாலும் பழைய போத்தலும் மற்ற மருந்துகளும் சில கொட்டகைகளில் கிடக்கலாம். தேடிப் பார்த்து அப்புறப்படுத்துங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் நீங்களே பூட்டி வையுங்கள்.

போலீஸ் வழக்காகிவிடும் என்று முன்பெல்லாம் பயந்து மறைத்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று அவரைச் சிகிச்சை வேண்டியவராகவே சட்டம் பார்க்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால் பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929 எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. அவசரத்துக்கு 999.

எப்படிப் பேசுவது?

குடித்திருக்கும்போது நியாயம் பேசாதீர்கள். அது காற்றோடு சண்டை. காலையில், தெளிந்திருக்கும்போது, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்கள்.

"ஒன்னாலதான் இந்தக் குடும்பம் நாசமாச்சு" என்பதற்குப் பதிலாக, "நீங்க நேத்து சாப்புடாம படுத்தது எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். "பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணு" என்று கேட்காதீர்கள். சத்தியம் உடைந்தால் அவர் மனமும் சேர்ந்து உடையும், அடுத்த போத்தலுக்கு அதுவே காரணமாகும். "ஆயுசுக்கும் குடிக்காத" என்பது மலை. "இன்னிக்கு மருந்துக்கு வாங்க" என்பது ஒரு படி.

குடிக்கக் காசு கொடுக்காதீர்கள். அவருடைய கடைக் கடனை நீங்கள் அடைக்காதீர்கள். ஆனால் சோற்றை நிறுத்தாதீர்கள். சோறு போடுவதும் குடிக்குக் காசு கொடுப்பதும் ஒன்றல்ல. குடியை விட்டவர் மறுபடி வழுக்கி விழுந்தால், "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லாமல், மறுநாள் காலை திரும்பக் கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள். பலர் பலமுறை விழுந்து எழுந்துதான் கரை சேர்கிறார்கள்.

வேலையும் காசும்

நோயும் சோர்வுமாகப் படுத்திருக்கும் ஆள் ஆபீசுக்குத் தகவல் சொல்ல மாட்டார். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, அனுமதியோ தகுந்த காரணமோ தகவலோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்ததாகக் கருதப்படலாம். ஆகவே முதல் நாளே மண்டோரிடமோ கிராணியாரிடமோ நீங்கள் சொல்லிவிடுங்கள், எம்.சி. வாங்கிக் கொடுங்கள், நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள்.

அதே சட்டப்படி சம்பளத்துடன் நோய் விடுப்பு, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குக் குறைவானவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 60 நாள் வரை. 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. வேலை செய்யவே முடியாத நிலை வந்துவிட்டால் சொக்சோவின் உடல் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாமா என்று சங்கக் கிளையில் கேளுங்கள். மனுவையும் பாரங்களையும் நிரப்பத் தெரியவில்லையென்று யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம், கிளைச் செயலாளர் இருப்பதே அதற்குத்தான்.

உங்கள் உடம்பு யாருக்கு?

நான் சொன்ன அந்த அம்மாள், புருஷனுக்கு மருந்து தொடங்கிய மூன்றாம் மாதம் நெரையிலேயே மயங்கி விழுந்தார். பரிசோதித்ததில் இரத்தச் சோகை. ஆளுக்கு முதலில் போட்டு, மிச்சம் இருந்தால் சாப்பிடுவது. இரவில் அவர் மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பது. "எனக்கென்ன டிரெசர், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். நல்லாயிருக்கும் முகம் அதுவல்ல.

பார்த்துக்கொள்கிறவர் விழுந்துவிட்டால் மருந்து கொடுக்க ஆளில்லை. ஆகவே இதைக் கடமையாக எடுத்துக்கொள்ளுங்கள்: நேரத்துக்குச் சாப்பிடுவது, வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவரைக் காவலுக்கு விட்டுத் தூங்குவது, நடப்பதை நம்பகமான ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்வது. உங்களுக்கே இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, அழுகை அடங்கவில்லை என்றால் நீங்களும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டில் புருஷனின் தங்கை ஞாயிறுதோறும் வந்து அண்ணனோடு இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் அந்த அம்மாள் நிமிர்ந்தது அதனால்தான்.

பிள்ளைகளிடமும் மறைக்காதீர்கள். "அப்பாவுக்கு உடம்புக்கும் மனசுக்கும் நோவு, மருந்து சாப்புடுறாரு. நீ ஒண்ணும் தப்பு பண்ணல" என்று சொல்லுங்கள். தகப்பனுக்காகச் சம்சு வாங்கக் கடைக்கு ஓடும் வேலையைப் பிள்ளைக்கு ஒருநாளும் கொடுக்காதீர்கள்.

அடி உதையைப் பற்றி ஒன்று. நோயாளி என்பதற்காக அடியை வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. ஆபத்து என்றால் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள், 15999 தாலியான் காசேவை அழையுங்கள், போலீசில் புகார் செய்யுங்கள். அவருக்குச் சிகிச்சை தேடுவது வேறு, உங்கள் உயிரைக் காப்பது வேறு. இரண்டையும் செய்யலாம்.

அந்தக் குலை வெட்டும் தோழருக்கு ஆறு மாதச் சிகிச்சை, தவறிய நாட்களோடு சேர்த்து ஏறக்குறைய எட்டு மாதமாகியது. நடுவிலே தைப்பூசத்தில் ஒரு முறையும், ஒரு சாவு வீட்டில் ஒரு முறையும் குடித்தார். இரண்டு முறையும் மறுநாள் காலை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மனைவியோடு வந்து மாத்திரை விழுங்கினார். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. எடை ஒன்பது கிலோ ஏறியிருந்தது. மனச்சோர்வுக்கு மருந்து இன்னும் தொடர்கிறது. குடியை முழுக்க விட்டுவிட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மகன் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னார். மருந்து அட்டையில் அதைக் குறிக்க இடமில்லை, இருந்திருந்தால் குறித்திருப்பேன்.

தோழர்களே, உங்கள் வீட்டிலோ லயத்திலோ இப்படி ஒருவர் இருந்தால், அவர் திருந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே நீங்கள் மட்டுமாவது கிளினிக்குக்கு வாருங்கள். என்ன நோய், எவ்வளவு குடி, எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.